இடிபாட்டில் நசுங்கிய கை, கால்: அவசர ஆபரேஷனும் மயக்க மருந்தும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தொண்டியிலிருந்து மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வரையுள்ள கரையோர ஊர்களில் முதல்நிலை மீட்பாளர்களும், 108 ஊழியர்களும், தாலுகா ஆஸ்பத்திரி செவிலியர்களும், பணிக்குப் புதிதாக வந்த டாக்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முதல் சில கேள்விகள் எல்லோருக்குமானவை. அதற்குப் பிறகு வரும் மருந்து அளவுகள் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டும். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் அந்த அளவுகள் 60 கிலோ எடையுள்ள பெரியவருக்குக் கணக்கிட்டவை.

நிலநடுக்கம் குஜராத்துலயும் நேபாளத்துலயும்தான் வருது. ராமநாதபுரத்துக்காரங்களுக்கு இது எதுக்கு?

நம் கரைக்கு நிலநடுக்க ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் மழையில் ஊறி இடிந்த சுவர், புயலில் சாய்ந்த பனை, கரையேற்றும்போது சரிந்த வள்ளம், படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் மாட்டிய கால், கிணறு தோண்டும்போது சரிந்த மணல் என்று தசையை நசுக்கும் காரியங்கள் இங்கே ஏராளம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மேலே விழுந்தது எதுவானாலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றே.

இந்த வைத்தியத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவை பெரும்பாலும் நிலநடுக்கங்களும் போரும்தான். 1941-இல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் நின்றுபோவதை டாக்டர்கள் பைவாட்டர்ஸும் பீலும் விவரித்து எழுதினார்கள். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் டயாலிசிஸ் இல்லாமல் பலர் இறந்த பிறகுதான் உலகச் சிறுநீரக மருத்துவர்கள் பேரிடருக்கென ஒரு குழுவே அமைத்தார்கள். 1999-இல் துருக்கி, 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் என்று ஒவ்வொரு முறையும் அதே பாடம்தான் உறுதியானது.

கால்தானே நசுங்கியிருக்கு? ஆளு தெளிவா பேசுறாரு, தண்ணி கேக்குறாரு. இதுக்கு ஏன் இவ்வளவு பதறணும்?

ஆபத்து காலில் இல்லை, அந்தக் கால் உடம்புக்குத் திருப்பி அனுப்பப்போகும் ரத்தத்தில் இருக்கிறது. பாரத்தின் கீழே தசை செத்துக்கொண்டிருக்கும்போது அதற்குள் இருக்கும் பொட்டாசியமும், அமிலமும், மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதமும் அங்கேயே தேங்கிக் கிடக்கும். பாரத்தைத் தூக்கிய உடனே அவை மொத்தமாக ரத்த ஓட்டத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். அதே நேரத்தில் வீங்கும் தசை லிட்டர் கணக்கில் நீரை உறிஞ்சிக்கொள்வதால் ரத்த அழுத்தம் சரியும். உள்ளே இருந்தவரை பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்த சில நிமிடங்களில் இறப்பது இதனால்தான்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் சிக்கியவரிடம் இது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடை முழுவதும் மாட்டியிருந்தால் ஒரு மணி நேரமே போதும். விரல்கள் மட்டும் நசுங்கியவருக்கு இந்த பயம் கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு தசை, எவ்வளவு நேரம் என்ற இரண்டும்தான் கணக்கு. அதனால் எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதை அவர் சட்டையிலாவது எழுதி அனுப்புங்கள். மயக்க டாக்டருக்கு அதைவிடப் பெரிய தகவல் வேறில்லை.

தூணைத் தூக்குறதுக்கு முன்னாடியே டிரிப் போடணுமா? வெளிய எடுத்துட்டு ஆம்புலன்ஸ்ல போட்டா ஆகாதா?

முன்னாடியேதான். கை வெளியே தெரிந்தால் அந்தக் கையில் போடுங்கள். சாதாரண சலைன், அதாவது என்.எஸ்., மணிக்கு ஒரு லிட்டர். இரண்டு மணி நேரம் ஆகியும் எடுக்க முடியவில்லை என்றால் மணிக்கு அரை லிட்டராகக் குறைக்கலாம். குழந்தைக்கு மணிக்கு கிலோவுக்கு 15 மி.லி. வயதானவர், இதய நோயாளி என்றால் பாதியில் தொடங்கி, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட், வேண்டாம். அதில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அளவு சிறியதுதான். ஆனால் இருட்டில், மழையில், பத்துப் பேர் கூச்சலிடும் இடத்தில் பையில் ஒரே வகை பாட்டில் மட்டும் இருப்பது நல்லது. டிரிப் இல்லாமல் எடுத்தே ஆக வேண்டிய நிலையும் வரும். மேலே இன்னொரு சுவர் சாயப்போகிறது, கடல் ஏறுகிறது என்றால் யோசிக்காமல் எடுங்கள். எடுத்த கையோடு சலைனைத் தொடங்குங்கள்.

வெயில்ல நாலு மணி நேரமா கெடக்குறாரு. இளநி வெட்டிக் குடுத்தா நல்லதுதானே?

நம் ஊரில் இது அன்பினால் நடக்கும் பெரிய தவறு. 100 மி.லி. இளநீரில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. வேலை செய்து களைத்தவருக்கு அது மருந்து, நசுங்கிய காலோடு கிடப்பவருக்கு நஞ்சு. ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு, பழச்சாறிலும் உண்டு.

டிரிப் போட வழியே இல்லை, மீட்க மணிக்கணக்கில் ஆகும், ஆள் முழு நினைவோடு இருக்கிறார், வயிற்றில் அடி இல்லை என்றால் வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். எவ்வளவு, எப்போது கொடுத்தோம் என்று சொல்லி அனுப்புங்கள். மற்றவர்களுக்கு உதட்டை நனைத்தால் போதும். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

விஷம் மேல ஏறாம இருக்க, எடுக்கிறதுக்கு முன்னாடி வலைக் கயிறால தொடையை இறுக்கிக் கட்டிரலாமா?

பாம்புக் கடிக்குக் கட்டும் பழக்கத்திலிருந்து வரும் யோசனை இது. பாம்புக் கடிக்கே அது தவறு. கட்டினால் கட்டுக்குக் கீழே உயிரோடு இருந்த தசையும் சாகும், அவிழ்க்கும்போது இன்னும் அதிகப் பொட்டாசியம் வரும். நைலான் கயிறு மெல்லியது, நரம்பை அறுத்துவிடும்.

ரத்தம் பீய்ச்சியடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் கட்டுங்கள். நான்கு விரல் அகலத் துணியை மடித்து, குச்சி வைத்து முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள். ஒருமுறை கட்டியதை வழியில் தளர்த்திப் பார்க்காதீர்கள். அதை அவிழ்க்க வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர்.

கடைசியா எப்ப சாப்பிட்டார்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உயிருக்குப் போராடுறவருக்கும் வெறும் வயிறு வேணுமா?

வெறும் வயிறுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்கவே கேட்கிறார்கள். அடிபட்ட நொடியில் இரைப்பை வேலையை நிறுத்திவிடும். காலை நான்கு மணிக்குக் கஞ்சி குடித்து ஐந்து மணிக்கு அடிபட்டவரின் வயிற்றில் மதியமும் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கலாம். ஆகவே சாப்பிட்டதற்கும் அடிபட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். “கஞ்சிதானே, தண்ணி மாதிரி” என்று சொல்லி மறைக்காதீர்கள். மயக்க டாக்டர் கணக்கில் கஞ்சியும் சோறுதான்.

மயக்க டாக்டர் வந்து அரை மணி நேரமா என்னென்னவோ பாக்குறார். நேரா ஊசியைப் போட்டுத் தூங்க வெச்சா என்ன?

அந்த அரை மணி நேரம்தான் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. கழுத்தெலும்பு, மார்பு, வயிறு, தலை ஆகியவற்றில் வேறு அடி உண்டா? வாயிலும் மூக்கிலும் சிமென்ட் தூசி அடைத்திருக்கிறதா? சிறுநீர்க் குழாய் போட்டால் வருவது என்ன நிறம்? கடுங்காப்பி நிறத்தில் வந்தால் மயோகுளோபின் இறங்கிவிட்டது என்று பொருள். ரத்தப் பொட்டாசியம் ரிப்போர்ட் வரத் தாமதமானால் ஈ.சி.ஜி.யைப் பார்ப்பார். டி அலை கூம்பு போல உயர்ந்து குறுகியிருந்தால் எச்சரிக்கை. பி அலை மறைந்து கியூ.ஆர்.எஸ். அகன்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

அப்போது கொடுப்பவை: 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., ஐந்து நிமிடத்தில், மெதுவாக. ஈ.சி.ஜி. மாறவில்லை என்றால் திரும்பவும், மொத்தம் 30 மி.லி. வரை. இது பொட்டாசியத்தைக் குறைக்காது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இதயத்துக்குக் கவசமாக நிற்கும். அந்த நேரத்துக்குள் சாதாரண இன்சுலின் 10 யூனிட்டை 25 கிராம் குளுக்கோஸோடு (25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மி.லி.) ஏற்றி, சால்பியூட்டமால் 10 மி.கி. நெபுலைசரில் கொடுக்க வேண்டும். 2.5 மி.கி. ரெஸ்ப்யூல் (நெபுலைசரில் ஊற்றும் சிறு குப்பி) என்றால் நான்கு. இன்சுலின் போட்டவருக்கு ஆறு மணி நேரம் வரை சர்க்கரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வெளியே தெரியாது. கால்சியமும், அமிலத்தைக் குறைக்கப் போடும் பைகார்பனேட்டும் ஒரே குழாயில் போகக் கூடாது, சுண்ணாம்பாக உறைந்துவிடும்.

இன்னொன்று: உடம்புச் சூடு. வெயில் ஊர்தானே என்று விட்டுவிடுகிறோம். மழையிலும் கடல் தண்ணீரிலும் ஊறியவரை ஏ.சி. தியேட்டரில் ஈரத் துணியோடு படுக்க வைத்தால் குளிர்ந்துபோவார், ரத்தம் உறையாது. ஈரத்தைக் களைந்து, போர்த்தி, சலைனை வெதுவெதுப்பாக்கி ஏற்றுவதும் மயக்க வைத்தியமே.

முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துப்போகுமே. நம்ம பக்கம் எல்லாக் கால் ஆபரேஷனும் அப்படித்தானே பண்றாங்க?

திட்டமிட்ட ஆபரேஷனுக்கு அது அருமையான முறை. இங்கே சிக்கல் ரத்தக் குழாய்கள். முதுகு ஊசி வலி நரம்போடு சேர்த்து, குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் மரக்க வைக்கும். ரத்தமும் நீரும் இழந்தவரின் அழுத்தம் 100-இல் நிற்பதே அந்த இறுக்கத்தால்தான். அது ஒரே நொடியில் தளர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். வேகமான நாடி, சில்லிட்ட கை, அழுத்தம் 100-க்குக் கீழ், நிற்காத ரத்தப்போக்கு, இடுப்பெலும்பு முறிவு, ரத்தம் உறைவதில் கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதுகு ஊசி வேண்டாம்.

சலைனும் ரத்தமும் ஏற்றி, சிறுநீர் நன்றாக வந்து, நாடி 100-க்குக் கீழே இறங்கி, அடி ஒரு காலில் மட்டும் என்றால் போடலாம். அப்போதும் குறைந்த அளவு போதும். ஊசி போட்டபின் பிடித்த இடுப்பு வலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவசர நேரத்தில் தீர்மானிக்கும் விஷயம் அது இல்லை.

அப்ப கால் நரம்புக்கு மட்டும் ஊசி போட்டா அழுத்தமும் இறங்காது, தூங்கவும் வேண்டாமே?

ஆம், முடிந்த இடத்தில் இதுவே முதல் தேர்வு. முழங்காலுக்குக் கீழே என்றால் தொடை நரம்பும் சயாட்டிக் நரம்பும். கைக்கு அக்குள் வழியாக. காரையெலும்புக்கு மேலே போடுவது வேகமாகப் பிடிக்கும். ஆனால் அது நுரையீரலைத் துளைக்கவும், உதரவிதானத்தை மரக்க வைக்கவும் கூடும் என்பதால், மார்பில் அடிபட்டவருக்கு அக்குளே பாதுகாப்பு. அல்ட்ராசவுண்டு இருந்தால் மருந்து பாதியில் முடியும்.

தவறு நேர்வது அளவில். பியூபிவக்கேன் கிலோவுக்கு 2 மி.கி., அதாவது 60 கிலோவுக்கு 120 மி.கி. 0.5 சதவீத மருந்தில் அது 24 மி.லி.தான். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் கிலோவுக்கு 7 மி.கி., 2 சதவீதத்தில் 21 மி.லி. இரண்டையும் கலந்தால் நஞ்சும் கூடும், தனித்தனி உச்ச அளவு கிடையாது. இரண்டு நரம்புக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு. காயத்தில் சர்ஜன் போடும் மருந்தும் இதில் அடங்கும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

உதடு மரக்கிறது, காதில் இரைச்சல், நாக்கில் இரும்புச் சுவை என்று சொன்னால் ஊசியை நிறுத்துங்கள். அடுத்து வலிப்பு, அதற்கடுத்து இதயம். ஆக்சிஜனோடு 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) கிலோவுக்கு 1.5 மி.லி., அதாவது 90 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்தில். பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி. ஓட வேண்டும். இந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் நரம்பு ஊசி போடக் கூடாது.

வலியே இல்லாம மரக்க வெச்சுட்டா, உள்ள அழுத்தம் ஏறி கால் அழுகுறது தெரியாமப் போயிருமாமே?

நியாயமான பயம். தசை உறைக்குள் அழுத்தம் ஏறும்போது முதலில் வருவது வலி, அதுவும் விரலை நீட்டி மடக்கினால் உயிர் போகும் வலி. நாடித் துடிப்பு மறைவது கடைசியில்தான். நீண்ட நேரம் மரக்கச் செய்யும் ஊசி அந்த எச்சரிக்கை மணியை அடிக்க விடாது. ஆகவே போடும் முன் சர்ஜனோடு பேசி, காலைப் பார்த்து எழுதி வைத்து, அடர்த்தி குறைந்த மருந்தோ சீக்கிரம் தெளியும் மருந்தோ போட வேண்டும். போட்டபின் மணிக்கொரு முறை கெண்டைக்காலை அழுத்திப் பார்க்க வேண்டும், கல் போல இறுகுகிறதா என்று. மருந்து போட்டும் வலி உடைத்துக்கொண்டு வந்தால் “இன்னொரு ஊசி” என்று போகாதீர்கள். சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

கெட்டமின் போட்டா புத்தி கலங்கிரும், பேய் பிடிச்ச மாதிரி கத்துவாங்கன்னு சொல்றாங்களே?

பேரிடர்களில் அதிக உயிர்களுக்குக் கைகொடுத்த மயக்க மருந்து இது. வலியைப் போக்கும், தூங்க வைக்கும், மெதுவாகப் போட்டால் மூச்சை நிறுத்தாது, அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும். ரத்த நாளத்தில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவாக. ஒரு நிமிடத்தில் பிடிக்கும், பத்திலிருந்து இருபது நிமிடம் நிற்கும், தேவைப்பட்டால் கிலோவுக்கு அரை மி.கி. சேர்க்கலாம். ரத்த நாளமே கிடைக்கவில்லை என்றால் தசையில் கிலோவுக்கு 4 மி.கி., ஐந்து நிமிடம் பொறுங்கள். எலும்பை நேராக்கும்வரை வலியைத் தணிக்க மட்டும் என்றால் கிலோவுக்கு 0.2 மி.கி. போதும்.

தவறுகள் மூன்று. மில்லிக்கு 50 மி.கி. உள்ள குப்பியை 10 என்று நினைத்துப் போடுவது ஒன்று. 1 மி.லி.யை சலைனில் 5 மி.லி.யாக்கி, “மில்லிக்கு 10” என்று சிரிஞ்சில் எழுதிவிடுங்கள். வேகமாகத் தள்ளுவது இரண்டாவது, அப்போது மூச்சு நிற்கும். மூன்றாவது, ரத்தம் வற்றி உடம்பே தோற்றுப்போனவருக்கு முழு அளவு போடுவது. அவருக்கு இதனாலும் அழுத்தம் சரியும், பாதி போதும். எச்சில் பெருகும் என்பதால் கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி.யும் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷனும் தயாராக இருக்க வேண்டும்.

தெளியும்போது சிலருக்குக் கெட்ட கனவு வருவது உண்மை, புத்தி கலங்குவது உண்மையில்லை. சில மணி நேரத்தில் போய்விடும். மிடசோலம் 1 முதல் 2 மி.கி. கொடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அமைதியாகவே எழுந்திருப்பார். அம்மாவோ மனைவியோ இருந்தால் உள்ளே விடுங்கள்.

புயல்ல கரன்ட் போயிட்டா மெஷின் எல்லாம் நின்னுருமே, அப்ப எப்படி மயக்கம் குடுப்பீங்க?

மேலே சொன்ன கெட்டமினும் நரம்பு ஊசியும் மின்சாரம் கேட்காது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும், அதனால் சிலிண்டர் வேண்டும். நிறைந்த பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ஐந்து மணி நேரம். ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுப்பது), காலால் மிதிக்கும் சக்‌ஷன், பேட்டரி பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கையால் அழுத்தும் பி.பி. கருவி, சார்ஜ் ஏறிய தலை விளக்கு இரண்டு ஆகியவை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதுமே எடுத்து வைக்க வேண்டியவை.

நசுங்குனவங்களுக்கு ஸ்கோலின் போடக் கூடாதுங்கறீங்க. வயிறு நிறைஞ்ச ஆளுக்கு அது இல்லாம எப்படி சார் வேகமா மூச்சுக் குழாயில டியூப் போடுறது?

தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் (சக்ஸமெத்தோனியம்) நல்ல உடம்பிலேயே பொட்டாசியத்தை 0.5 முதல் 1 மில்லிமோல் வரை ஏற்றும். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு அந்த ஒன்று போதும். நாளாக ஆக ஆபத்து கூடும், குறையாது. காயம்பட்ட தசையில் மூன்று நான்கு நாளில் ஏற்பிகள் பெருகிவிடும். முதல் நாள் ஸ்கோலினைத் தாங்கியவர் ஐந்தாம் நாள் அதே மருந்தில் மேசையிலேயே இறக்கலாம்.

மாற்று ரோக்குரோனியம், கிலோவுக்கு 1.2 மி.கி. 60 விநாடியில் டியூப் போடலாம். 60 கிலோவுக்கு 72 மி.கி., ஒரு குப்பியில் 50 தான் இருக்கும், இரண்டு உடைத்து வையுங்கள். தூங்க வைக்கக் கெட்டமின், முன்பு சொன்ன பாதி அளவில். இந்த மருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும், சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் நீளும். உடனே முறிக்க சுகமடெக்ஸ் கிலோவுக்கு 16 மி.கி., அதாவது 960 மி.கி. வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் அவ்வளவு இருக்காது. ஆகவே டியூப் போகாவிட்டால் அடுத்து எந்த வழி என்று முடிவு செய்துவிட்டு மருந்தைத் தள்ளுங்கள். தொடர்ந்து தளர்த்த அட்ரக்யூரியம் நல்லது, அது சிறுநீரகத்தை நம்பியில்லை. டியூப் போட்டபின் மூச்சு குறைவாகக் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அமிலம் ஏறும், பொட்டாசியமும் கூடவே ஏறும்.

தியேட்டர்ல டோர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தக் கட்டுற காற்றுப் பட்டை) அவிழ்க்கும்போதுதான் இதயம் நின்னுச்சுன்னு கேள்விப்பட்டோம். அது எப்படி?

இடிபாட்டில் பாரத்தைத் தூக்கும்போது நடப்பதே சிறிய அளவில் மேசையில் திரும்ப நடக்கிறது. சர்ஜன் சொல்லாமல் அவிழ்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முன்பே சொன்னால் சலைனை வேகப்படுத்தலாம், மூச்சைக் கூட்டலாம், கால்சியத்தைக் கையில் பிடித்து நிற்கலாம். காற்றை மெதுவாக விட்டு, ஈ.சி.ஜி.யில் கண் வைத்திருங்கள். கியூ.ஆர்.எஸ். அகன்றால் திரும்ப ஏற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் டோர்னிக்கே நிற்கக் கூடாது. வழியில் கட்டிவந்த துணியும் அந்த இரண்டு மணிக் கணக்கில் சேரும், அதற்குத்தான் நேரம் எழுதச் சொன்னது.

சொந்தக்காரங்க யாரும் வரல, ஆளும் நினைவில்ல. கையெழுத்து இல்லாம காலை எடுத்தா கேஸ் ஆகாதா?

உயிர் காக்க, நல்லெண்ணத்தோடு, சம்மதம் பெற வழியில்லாத நிலையில் செய்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 92-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு. அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டு டாக்டர்கள் பார்த்து, காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, முடிந்தால் காலைப் படம் எடுத்து வையுங்கள். நினைவோடு இருப்பவர் வேண்டாம் என்றால் அது வேறு. அவரிடம் பேச வேண்டும், அதுவும் கெட்டமினுக்கு முன்னால்.

ராமேஸ்வரத்துல அடிபட்டா அங்கேயே பண்றதா, ராமநாதபுரம் கொண்டு போறதா, மதுரைக்கே போயிரலாமா?

மயக்க டாக்டர், சர்ஜன், ரத்தம், டயாலிசிஸ் நான்கும் எங்கே தயாராக இருக்கிறது என்பதே கேள்வி, தூரம் இரண்டாவது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 55 கி.மீ., அங்கிருந்து மதுரை 110 கி.மீ.க்கு மேல். புயல் நேரத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்ட முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பைக் கட்டையில் கட்டுவது ஆகியவை முதல் ஆஸ்பத்திரியிலேயே முடிய வேண்டும்.

அனுப்பும் முன் இரண்டு டிரிப், சிறுநீர்க் குழாய், ஒரு ஈ.சி.ஜி., தொலைபேசியில் தகவல். கூட மூன்று பாட்டில் என்.எஸ்., கால்சியம் குளுக்கோனேட் மூன்று ஆம்பியூல், நெபுலைசர். வண்டியில் ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அகன்றால் ஓரமாக நிறுத்திக் கால்சியம் போடத் தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுருச்சு. இனி பயமில்லைல?

முதல் இரண்டு மூன்று நாள் பொட்டாசியம் திரும்ப ஏறும். ஆறு மணிக்கொரு முறை பாருங்கள். சிறுநீர் மணிக்கு 200 மி.லி.க்கு மேல் போக வேண்டும். சலைன் ஓடியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஓட்டத்தை உடனே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அடுத்தது டயாலிசிஸ்.

வலிக்கு டைக்குளோஃபெனாக் ஊசி கேட்காதீர்கள், போடாதீர்கள். தடுமாறும் சிறுநீரகத்தை அது முழுதாக நிறுத்திவிடும். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கொரு முறை, மேலே ஃபென்டனில். மார்ஃபின் கழிவு தங்கிப்போகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பார்க்க வருபவர்கள் இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி, கூட இருப்பவர்கள் சாப்பிடட்டும். டெட்டனஸ் ஊசி போட்டதா என்று கேளுங்கள். அழுக்கேறிய காயத்துக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் வேண்டும், 24 மணி நேரம் தாண்டி வந்தால் 500. கடல் தண்ணீர் பட்ட காயம் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். விப்ரியோ கிருமிக்கு மருந்தே வேறு.

மூணு நாள் கழிச்சு திரும்பக் கிளீன் பண்ணணுமாம். போன தடவை தாங்கிட்டாரே, அதே மாதிரி மயக்கம் குடுத்தா என்ன?

ஆள் அதே ஆள், உடம்பு அதே உடம்பில்லை. ஸ்கோலின் இப்போது முன்பைவிட ஆபத்து என்பதை மேலே பார்த்தோம். டயாலிசிஸ் நடக்கிறது என்றால் அது முடிந்தபின் ஆபரேஷனை வையுங்கள், பொட்டாசியம் அப்போதுதான் தாழ்ந்திருக்கும். ஆனால் டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போயிருக்கும். ஆகவே முதுகு ஊசி போடுவதானால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, உறைவு ரிப்போர்ட் சரியென்று பார்த்த பிறகு. டயாலிசிஸ் ஊசிக் குழாய் உள்ள கையில் டிரிப்பும் பி.பி. பட்டையும் வேண்டாம்.

இந்த முறை அவருக்கு நேரம் இருக்கிறது. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வைக்கலாம், நரம்பு ஊசியை அல்ட்ராசவுண்டோடு நிதானமாகப் போடலாம், சின்னக் கிளீனிங் என்றால் கெட்டமினும் மிடசோலமும் போதும். தீக்காயம், நசுங்கல் நோயாளிகள் பத்து முறைகூட தியேட்டருக்கு வருவார்கள். ஒவ்வொரு முறையும் என்ன மருந்து, எவ்வளவு, எப்படித் தெளிந்தார் என்ற சீட்டைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மதுரைக்கு மாற்றினாலும் அந்தச் சீட்டு கூடவே போக வேண்டும்.